பாலைவனத்துக் கத்தரிக்காயும் நம்ம பொங்கலும்

2017 ஜூன் 5. ரமலான் மாதம். இரவு நோன்பு திறக்கும் நேரம் கழிந்து, நஜ்மாவில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பால் வாங்கப் போனேன். பால் வைக்கும் அலமாரி காலி. கோழி வைக்கும் ஃப்ரீசரும் காலி. ஒருவர் ட்ராலி நிறைய அரிசி மூட்டைகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு போனார். "அண்ணே, நாளைக்குச் சாப்பாடு கிடைக்குமா?" என்று அறைத்தம்பி கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கு நாடுகளும் அன்று காலைதான் கத்தாருடன் உறவை முறித்திருந்தன. இந்த நாட்டுக்கு இருக்கும் ஒரே தரைவழி அபூ சம்ரா எல்லை. அதைச் சவூதி அடைத்துவிட்டது. நாட்டின் உணவில் சுமார் 40 சதவீதம் அந்த ஒரு சாலையில்தான் வந்துகொண்டிருந்தது என்பதே எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

பட்டினி வரவில்லை. துருக்கியிலிருந்தும் ஈரானிலிருந்தும் சரக்கு வந்து இறங்கியது. ஜூலையில் 165 கறவைப் பசுக்கள் விமானத்தில் வந்தன; அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கில். பலத்னா பால் இன்று எல்லாப் பெட்டிக்கடையிலும் இருக்கிறது. 2021 ஜனவரியில் எல்லை திறந்தபோது பாலுக்கு அந்தச் சாலை தேவைப்படவில்லை.

நாடு பாடம் படித்துக்கொண்டது. நாம் படித்தோமா என்பதுதான் என் கேள்வி. ஜனவரியில் இங்கே தக்காளியும் கத்தரிக்காயும் காய்த்துத் தள்ளும்போதுகூட, கடையில் ஊர்க் கத்தரிக்காயைத் தேடி இரண்டு மடங்கு காசு கொடுத்து வாங்குகிறோம். "இங்க விளையறதுல ருசி இருக்காதுங்க" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அதை வாங்கியே பார்த்ததில்லை. நானும் பல வருஷம் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான்.

தொடங்குவது பெரிய வேலை இல்லை. அலமாரியில் விலைக்குப் பக்கத்தில் நாட்டின் பெயர் எழுதியிருக்கும். அதைப் படிக்க ஆரம்பித்தாலே போதும். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை வெள்ளரி, தக்காளி, கத்தரி, குடைமிளகாய், முட்டைகோஸ், கூசா எல்லாம் உள்ளூரிலேயே விளைகின்றன. கூசாவைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் சுரைக்காய்க்கு அண்ணன் தம்பி. கீரைக்கட்டுகளில் 'பர்பீர்' என்று ஒன்று விற்பார்கள். அரபிகள் பச்சையாகக் கடிப்பது. கையில் எடுத்துப் பார்த்தால் நம்ம பருப்புக்கீரை! ஊரிலிருந்து விமானம் ஏறி வர வேண்டியதே இல்லாத கீரை. மீனும் அப்படித்தான். ஷேரி என்பது நம்ம விளைமீன். குழம்புக்கு அதைவிட என்ன வேண்டும்?

குளிர்காலத்தில் மஸ்ரூஆ, அல் கோர், வக்ரா பக்கம் பண்ணைக்காரர்களின் சந்தைகள் நடக்கும். அங்கே பெட்டி பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். தனி ஆளுக்கு ஒரு பெட்டித் தக்காளி அதிகம். மூன்று அறைகள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் டாக்ஸிக் காசும் சேர்ந்தே மிஞ்சும். மெஸ் நடத்துகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். உள்ளூரில் விளைந்தது என்பதாலேயே எல்லாம் நல்லது ஆகிவிடாது. கத்தாரில் ஆண்டு மழை 80 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். சென்னையில் ஒரே நாளில் அதைவிட அதிகம் கொட்டிய நாட்கள் உண்டு. நிலத்தடி நீரோ, மழை நிரப்புவதைப் போலப் பல மடங்கு உறிஞ்சப்பட்டு உப்பேறிக் கிடக்கிறது. உள்ளூர்ப் பால் என்கிறோம், மாடு தின்னும் தீவனத்தில் பெரும்பங்கு கப்பலில் வருகிறது. ஆகஸ்ட் மாதத்தில் குளிரூட்டிய கூடாரத்துக்குள் வளரும் வெள்ளரியைவிட, மழைநீரில் விளைந்து வரும் இந்தியக் காய் மேலாகவும் இருக்கலாம். அதனால் நான் சொல்வது பருவத்தோடு சாப்பிடுவதைத்தான். குளிர்காலத்தில் உள்ளூர்க் காய், ஜூலையில் இந்த மண்ணின் பேரீச்சை. வெயில் காலத்தில் மற்றதற்கெல்லாம் ஊரை நம்பிக்கொள்ளலாம்.

முருங்கைக்காயை விடச் சொல்லவும் மாட்டேன். சொன்னால் வீட்டில் எனக்கே சோறு கிடைக்காது.

தமிழ் அமைப்புகளிடம் மட்டும் ஒரு கோரிக்கை உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் தோஹாவில் பொங்கல் விழா விமரிசையாக நடக்கிறது. கரும்பு, மஞ்சள் கொத்து, காய்கறி என்று சகலமும் விமானத்தில் வருகின்றன. அறுவடைத் திருநாள் என்று மேடையில் பேசுகிறோம். ஆனால் அதே வாரத்தில், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், இந்த ஊர் அறுவடையும் உச்சத்தில் இருக்கிறது. அதைப் பறிப்பவர்கள் நம்மைப் போலவே நேபாளம், பங்களாதேஷ், இந்தியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கரும்பு ஊரிலிருந்தே வரட்டும். படையலில் வைக்கும் கத்தரிக்காயையும் விருந்துச் சாம்பாருக்கான காயையும் அந்தப் பண்ணைகளிலிருந்து வாங்கலாமே. முடிந்தால் அந்தத் தொழிலாளர்களில் பத்துப் பேரையாவது பந்தியில் முதல் வரிசைக்கு அழைக்கலாம். நன்றி சொல்வதென்றால் சூரியனுக்கும் மாட்டுக்கும் அடுத்து அவர்களுக்குத்தானே?

எங்கள் மெஸ்ஸில் இந்த வெள்ளிக்கிழமை என் முறை. வக்ரா சந்தைக்குப் போக மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நாலாவது ஆள் கிடைத்தால் டாக்ஸியில் ஆளுக்கு இன்னும் கொஞ்சம் குறையும்.