நாட் பேட்னா கொள்ளாம்!

ரிவ்யூல நம்ம ப்ராஜெக்டைப் பார்த்துட்டு கைடு 'நாட் பேட்'னு சொன்னா, உடனே முகத்தைத் தொங்கப் போடாதீங்க மக்களே. வார்த்தைப்படி பார்த்தா 'மோசமில்லை'. ஆனா பிரிட்டிஷ்காரங்க பேச்சுல பல நேரம் அது 'நல்லாவே இருக்கு'ங்கிற பாராட்டு.

நமக்கு இது புதுசா என்ன? 1956 நவம்பர் 1-ல சென்னை மாநிலத்தோட சேர்ற வரைக்கும் நம்ம மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்தது. மலையாளத்துல உள்ள 'கொள்ளாம்', 'கொழப்பமில்ல' ரெண்டும் நம்ம பேச்சுலயும் உண்டு. மீன்கறியை மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டு, 'கொள்ளாம்'னு ஒத்தை வார்த்தையில எந்திரிக்கிற ஊரு இது. சமைச்ச அம்மைக்கு அதுக்குமேல சொல்ல வேண்டாம், புரிஞ்சிரும்.

பிளேஸ்மென்ட் இன்டர்வியூல மட்டும் இந்தப் பழக்கம் நம்மளக் கவுத்துரும். 'கோடிங் எப்படி?'ன்னு கேக்கிறவங்களுக்கு நம்ம தொனி தெரியாது. 'நாட் பேட்'னு சொன்னா சுமார்னுதான் எழுதிக்குவாங்க. தற்பெருமை ஆயிருமோன்னு கூச்சப்படாதீங்க. எந்த ப்ராஜெக்ட், அதுல உங்க பங்கு என்ன, எது வேலை செஞ்சுதுன்னு முழுசாச் சொல்லுங்க. வேலை கிடைச்ச பிறகு எப்படியிருக்குன்னு நாங்க கேட்டா, 'கொழப்பமில்ல'ன்னு சொன்னாப் போதும்.