பெரிய டயர் போட்டுவிட்டு கிளச்சைத் திட்டாதீர்கள்



சென்ற மாரிக்கு முன்னர் இதே பக்கத்தில் நாங்கள் ஒரு பதிவு போட்டிருந்தோம். கராஜ் பாஸ் ஒருவர் எங்கள் கெப்புக்கு மட்டமான கிளச் தட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று எழுதினோம். பெயர் போடவில்லைதான். ஆனால் ஊர் சின்னது. எந்தக் கராஜ் என்று கொமன்டில் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், பலர் பகிர்ந்தும் விட்டார்கள். நேற்று அந்தப் பதிவை அழித்தோம். அழித்தது மட்டும் போதாது என்பதால் இதை எழுதுகிறோம். பிழை அவருடையதல்ல, எங்களுடையது.

நாங்கள் என்பது நான்கு ஆசிரியர்கள். பாடசாலை வயல்வெளிக்கு அப்பால் இருக்கிறது. மாரி காலத்தில் வட்டைப் பாதை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து எழும்பி, காற்சட்டையில் சேறோடு வகுப்புக்குள் நுழைந்து அலுத்துப்போய், நால்வரும் கடனெடுத்து ஒரு பழைய ஹைலக்ஸ் டபிள் கெப் வாங்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கெப்புகளுக்கு என்ன விலை சொன்னார்கள் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த விலைக்குத்தான் வாங்கினோம்.

வாங்கும்போது 225/75 ஆர் 15 டயர் இருந்தது. உயரம் ஏறத்தாழ 28.3 அங்குலம். தண்ணீருக்குள் போக வேண்டும், கெப் உயர வேண்டும் என்று 33 அங்குல டயர் போட்டோம். உண்மையைச் சொன்னால் பார்வைக்கும் நல்லாயிருந்தது, அதுவும் ஒரு காரணம். டயர் கிட்டத்தட்ட 5 அங்குலம் பெரிதானால் கெப்பும் 5 அங்குலம் உயரும் என்று நினைத்தோம். உயராது. அச்சு டயரின் நடுவில் இருப்பதால் கிடைப்பது பாதிதான், 2.35 அங்குலம்.

அடுத்த வாரமே தொல்லை தொடங்கியது. ஐந்தாம் கியரில் சமதரையிலும் இழுக்கவில்லை. நான்கு பேரும் பிள்ளைகளுக்கான புத்தகக் கட்டுகளும் ஏறினால், முதலாம் கியரில் கிளச்சை அரைக் காலில் வைத்து உறுமவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். சேற்றிலிருந்து பின்னுக்கு எடுக்கும்போது எரிந்த மணம் வரும். ஐந்து மாதத்தில் கிளச் தட்டு தேய்ந்தது. ஊர்ப் பாஸ் புதிதாகப் போட்டுத் தந்தார். நான்கு மாதத்தில் அதுவும் போனது. அந்தக் கோபத்தில் எழுதியதுதான் அந்தப் பதிவு. முதல் தடவையே அவர் "சேர், டயர் பெரிசு" என்று ஒரு வார்த்தை சொன்னார். நாங்கள் காதில் போடவில்லை.

காரணத்தைக் காட்டித் தந்தவர் எங்கள் மாணவி ஒருத்தியின் அப்பப்பா, ஒரு காலத்தில் லொறி பாஸாக இருந்தவர். பின் சில்லு ஒன்றை மட்டும் ஜக் அடித்துத் தூக்கினார். கியரை நியூட்ரலில் விட்டார். புரொப்பலர் சாப்ட்டில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, தூக்கிய சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னார். சாப்ட் நான்கு சுற்றும் இன்னும் கொஞ்சமும் சுற்றியது. "இது 4.1. கிரவுன் வீலில் 41 பல்லு, பினியனில் 10 பல்லு. இப்ப டயர்ட கணக்கைப் பாருங்க" என்றார். எங்களில் ஒருவர் கணித ஆசிரியர். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கணக்கு கடினமானதல்ல, பிள்ளைகளுக்கு நாங்கள் படிப்பிக்கிற விகிதம்தான். பழைய டயர் ஒரு சுற்றில் 2.26 மீற்றர் போகும், புதியது 2.63 மீற்றர். ஒரு கிலோ மீற்றருக்கு 443 தடவை சுற்றிய சில்லு இப்போது 380 தடவைதான் சுற்றுகிறது. எஞ்சின் அதே எஞ்சின், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் தூரத்தை இழுக்க வேண்டும். சைக்கிளில் பின் பல்லுச் சக்கரத்தைச் சின்னதாக்கிவிட்டு மேட்டில் மிதிப்பது போன்றது. 4.1 ஆக இருந்த டிப், நடைமுறையில் 3.5 ஆகிவிட்டது. பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 4.1ஐ 33ஆல் பெருக்கி 28.3ஆல் பிரிக்க வேண்டும். 4.78 வரும். அந்த அளவில் பல்லு கிடைக்காது. கிட்டிய செட் 4.875, அதாவது 39க்கு 8.

பின் டிப்பை மட்டும் மாற்றினால் போதும், அரைவாசிச் செலவு என்று சிலர் புத்தி சொன்னார்கள். இதை மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். போர் வீல் போட்ட நேரத்தில் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருக்க வேண்டும். முன்னுக்கு 4.1, பின்னுக்கு 4.875 என்றால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் ஏறியதும் எங்கோ ஒன்று உடையும். பெரியவர் அப்படிச் செய்ய மறுத்துவிட்டார். இரண்டு செட்டும் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தோம். பின் டிப் ஒரே உருண்டையாகக் கழன்று வரும். முன் டிப்தான் பாடு. பல்லுக்குப் பல்லு இடைவெளி பார்த்து, ஷிம் மாற்றி, பல்லில் நிறம் பூசி எங்கே உராய்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். இரண்டு நாள் எடுத்தது. இந்த வேலையை அவசரப்படுத்தினால் டிப் ஊளையிடும், பிறகு பல்லுப் போகும்.

இப்போது ஐந்தாம் கியர் வேலை செய்கிறது. கிளச் மணக்கவில்லை.

கிளச்சை விடப் பயமான விஷயம் மீற்றர். கியர் மாற்றும்வரை எங்கள் மீற்றரில் 60 காட்டியபோது கெப் உண்மையில் 70இல் போயிருக்கிறது. 70 என்று நினைத்து ஓடியது 82. ஊருக்குள் 50 என்பது சட்டம். மீற்றரில் 50 பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நாங்கள் 58இல் போயிருக்கிறோம், அதுவும் ஆசிரியர்கள். டீசல் கூடக் குடிக்கிறது என்று நாங்கள் புலம்பியதிலும் ஒரு பங்கு மீற்றரின் பொய். 100 காட்டினால் 117 ஓடியிருக்கும். எங்கள் பழைய கெப்பில் மீற்றர் கியர் பெட்டியிலிருந்து கணக்கெடுப்பதால், பல்லு மாற்றியதும் அநேகமாகச் சரியாகிவிட்டது. சில்லிலிருந்து வேகம் எடுக்கும் புதிய வாகனங்களில் டிப் மாற்றினாலும் மீற்றர் திருந்தாது, தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கியர் மாற்றினால் பிரேக் திருந்தாது. டயர் பெரிதானதால் அதே அழுத்தத்துக்குப் பிடிமானம் ஏறத்தாழ 14 வீதம் குறைவு, டயரின் பாரம் வேறு. அதனால் நாங்கள் இப்போதும் இடைவெளி விட்டுத்தான் ஓடுகிறோம்.

'லோ கியர் இருக்குத்தானே, அதில் போடுங்கள்' என்று கொமன்டில் யாராவது எழுதுவீர்கள். எங்கள் கெப்பில் லோ என்றால் போர் வீலும் சேர்ந்தே விழும். அது சேற்றுக்கு, காய்ந்த ரோட்டுக்கல்ல.

எங்கள் அபிப்பிராயம் இதுதான். தம்பிமார் றிம்முக்கும் டயருக்கும் லட்சக்கணக்கில் கொட்டுகிறீர்கள். கல்யாண ஊர்வலத்தில் பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் டிப் செட்டுக்கும் கூலிக்கும் காசு ஒதுக்க முடியாவிட்டால் 33க்கும் 35க்கும் போகாதீர்கள். 31 அங்குலத்தோடு நின்றால் எங்கள் கெப்புக்கு வித்தியாசம் 10 வீதத்துக்குள், அதே பல்லோடு சமாளித்திருக்கலாம். நாங்கள் அப்படிச் செய்திருந்தால் இரண்டு கிளச்சின் காசும் மிச்சம், ஒரு மனிதரின் பெயரும் கெட்டிருக்காது. அந்தப் பதிவுக்குப் பிறகு கிளச் வேலைக்கு வந்த இரண்டு வாகனங்கள் திரும்பிப் போனதாக அவருடைய மகன் சொன்னார். அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இதையும் பகிருங்கள்.

நேற்று அஸருக்குப் பிறகு நால்வரும் அவருடைய கராஜுக்குப் போனோம். "காக்கா, நாங்கதான் பிழை" என்று சொல்லி முடிக்கவில்லை, அவர் குனிந்து பின் டிப்பைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கையால் தடவிப் பார்த்தார்.

"நல்லாக் கட்டியிருக்காரு. புதுப் பல்லுக்கு 500 ஓடின உடன டிப் ஒயில் மாத்தணும் சேர். மாத்தினயளா?"

மாற்றவில்லை. 800 ஓடிவிட்டது.

"சனிக்கிழமை காலையில கொண்டாங்க" என்றார்.