ட்ரையர் பக்கத்தில் ஏது பனிக்காற்று?

போன வாரம் வட்டகொடையில் ஒரு சடங்கு வீட்டுப் பந்தியில், காது இரைகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இலையில் சோறு விழுவதற்குள் நாலு பேர் வைத்தியராகிவிட்டார்கள். "பனிக்காத்து பூந்திருச்சு தம்பி. பூண்டத் தட்டிப் போட்டு எண்ணெயக் காய்ச்சி ஊத்துங்க. பஞ்ச அடைச்சு, மப்ளரச் சுத்திக்கிட்டுப் படுங்க." தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு அதைக் காதில் ஊற்றச் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும்.

பனிக்காற்றுதான் காரணம் என்றால், கொழுந்து மலையில் நாளெல்லாம் காற்றில் நிற்கும் பெண்களுக்குத்தானே முதலில் இரைய வேண்டும்? காது இரைகிறது என்று என்னிடம் புலம்பியவர்களில் அதிகம் பேர் ஸ்டோர்க்காரர்கள், தேயிலை ஃபேக்டரிக்குள் வேலை செய்கிறவர்கள். அதிலும் தேயிலையைக் காயவைக்கும் ட்ரையர் பக்கத்தில் காலம் தள்ளியவர்கள். தோட்டத்திலேயே சூடான இடம் அது. பனி எட்டிப் பார்க்காத அந்த இடத்தில் உங்கள் பனிக்காற்று எந்தக் கதவால் நுழைந்தது?

நுழைந்தது சத்தம். ரோலர், சல்லடை, ராட்சத ஃபேன். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை என்பது பல நாடுகளில் வைத்திருக்கிற கணக்கு. பக்கத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால் எல்லை தாண்டியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். உள்காதில் சத்தத்தை வாங்கும் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது. வராத சத்தத்தை மூளை தானே இட்டுக்கட்டுகிறது. அங்கே பூண்டுக்கு என்ன வேலை? எண்ணெய் செவிப்பறையைத் தாண்டாது. தாண்டினால் பறையில் ஓட்டை; அப்போது ஒரு சொட்டும் விடக்கூடாது. குறும்பி அடைத்திருந்தால் எண்ணெய் இளக்கும். என்றோ யாருக்கோ அப்படிச் சரியானதை வைத்துத்தான் இத்தனை ஆட்டம்.

பஞ்சு இன்னும் மோசம். அடைத்துப் பாருங்கள், இரைச்சல் கூடும். வெளிச்சத்தம் நின்றால் உள்சத்தம் ஓங்கும். ஆடி மழை தகரத்தில் கொட்டும்போது யாருக்கும் காது இரைவதில்லை. தை மாதத்து நிசப்தத்தில்தான் 'கொய்ங்' என்கிறது. பழி பனியின் தலையில்.

சத்தம் மட்டுமல்ல, மருந்தும் காதை இரைய வைக்கும். ஹக்கல தாவரவியல் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனா வளர்க்கத்தான். கோப்பி அழிந்து தேயிலை நிலைப்பதற்குள் துரைமார் மலைமலையாக அதை நட்டார்கள். அதன் பட்டையில் எடுக்கும் குவினைன் அளவு மீறினால் காது இரையும். அதுவும் பனிக்காற்றா?

இரைச்சலை அழிக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. போத்தலில் விற்கும் ஜின்கோவும் தேறவில்லை. கேட்கும் திறன் மங்கியிருந்தால் காதுக் கருவி உதவும். இரவில் ரேடியோவை மெல்லப் பாடவிடலாம். இரைச்சலைப் பொருட்படுத்தாதிருக்க மனதைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ காட்டியே ஆக வேண்டும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓட வேண்டும். ஸ்டீராய்டு பலன் தருவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்தான். அந்த இரண்டு வாரத்தையும் நம் ஆட்கள் பூண்டு உரித்தே கழிக்கிறார்கள்.

காதைக் காட்ட நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், தெரியும். அதனால்தான் பனிக்காற்றுக் கதை எல்லோருக்கும் வசதி. தோட்டத்துக்கு இன்னும் வசதி: காற்றை யார் மீது வழக்குப் போடுவது? தேயிலையில் மயிர் விழக்கூடாதென்று ஸ்டோரில் தலைக்குத் தொப்பி உண்டு. சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ் உண்டு. ட்ரையர்காரர் காதுக்கு? கோயில் திருவிழாவில் லயத்து வாசலிலேயே ஸ்பீக்கரைக் கட்டுகிற கமிட்டிக்காரர்களிடம் இதைப் பேசிப் பயனில்லை. தொழிற்சங்கத் தலைவர்களிடம் கேட்கிறேன்: அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கொழும்புக்குப் போகும்போது, காதடைப்பான் என்ற ஒரு வரியையும் அந்தக் கோரிக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போவீர்களா?