பதினைந்தோடு முடிந்துவிடுமாமே!

நண்பர் ஒருவர் 2025 பாஸ்டன் உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியின் காணொளியை வாட்ஸப்பில் அனுப்பி, கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்: "இருபத்து நாலு வயசாம், இந்த ஆட்டத்துக்குக் கிழவி." அந்தக் 'கிழவி' ஜப்பானின் காவோரி சாகாமோட்டோ, அதற்குள் மூன்று முறை உலக சாம்பியன் ஆனவர். எழுதியவருக்கோ மாடிப்படி ஏறினாலே மூச்சிரைக்கும்.

பெண்கள் ஒற்றையர் ஸ்கேட்டிங் வயதுக்கு வராத சிறுமிகளின் ராஜ்ஜியம், இடுப்பு அகன்றால் கதை முடிந்தது என்று இவர்களுக்கெல்லாம் யார் ஓதினார்களோ! கேட்டால் 1998 நாகானோவில் லிபின்ஸ்கி, 2018 பியோங்சாங்கில் ஜாகிதோவா, ஒலிம்பிக் தங்கம் வாங்கியபோது இருவருக்கும் பதினைந்து என்பார்கள். 2006 டூரினில் ஷிசுகா அராகாவா தங்கம் வாங்கியபோது அவருக்கு 24. அது மட்டும் யார் வாயிலும் வராது.

சாகாமோட்டோவுக்கே வருவோம். 2022 மொன்பெலியே, 2023 சைத்தாமா, 2024 மாண்ட்ரியல். பெண்களில் தொடர்ந்து மூன்று உலகப் பட்டம் என்பது 1966-68இல் பெக்கி ஃபிளெமிங்குக்குப் பிறகு யாருக்கும் வாய்க்காதது. அவரிடம் நான்கு சுற்றுத் தாவலான குவாட் கிடையாது, டிரிபிள் ஆக்ஸலும் கிடையாது. வெறும் டபுள் ஆக்ஸல்தான். அதை ஒருமுறை பாருங்கள். முன்னோக்கிப் பார்த்தபடி கிளம்பும் ஒரே தாவல் அது. மற்றவர்கள் கிளம்புமுன் வேகத்தைக் குறைத்து ஒரு கணம் யோசிப்பார்கள். இவர் வந்த வேகத்திலேயே எழும்பி, இரண்டரைச் சுற்றுச் சுற்றி, பனியில் நெடுந்தூரம் தள்ளிப்போய் இறங்குவார். இறங்கிய பிறகும் வேகம் குறையாது. அந்தத் தொடைகள் பதினைந்து வயதில் வந்துவிடுமா?

"உலகப் போட்டிகளில் ரஷ்யர்களைத் தடை செய்ததால்தான் ஜெயித்தார்" என்று உடனே ஒரு மூலையிலிருந்து குரல் வரும். சரி, ரஷ்யர்கள் வந்திருந்த 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கையே எடுத்துக்கொள்வோம். ரஷ்யப் பயிற்சியாளர் எத்தேரி துத்பெரிட்சேயின் மாணவிகள் மூவர் இறங்கினார்கள். பதினைந்து வயது வலியேவாவின் ஊக்கமருந்துச் சோதனை மாதிரியில் டிரைமெட்டாசிடின் என்ற இதய மருந்து இருந்தது வெளியாகி, பிள்ளை தடுமாறித் தடுமாறி விழுந்தாள். வெளியே வந்தவளிடம் பயிற்சியாளர் கேட்டது, ஏன் போராட்டத்தை விட்டாய் என்று. ஐந்து குவாட் போட்டும் வெள்ளிதான் கிடைத்த த்ரூசோவா, இந்த விளையாட்டையே வெறுக்கிறேன் என்று அழுதாள். தங்கம் வாங்கிய ஷெர்பகோவா தனியாக நின்றாள். அந்தக் கூத்துக்கு நடுவே வெண்கலத்தை வாங்கிக்கொண்டு சிரித்தவர் யார் தெரியுமா? குவாட் இல்லாத நம்ம சாகாமோட்டோதான்.

அதற்கப்புறம்தான், அதே ஆண்டு ஜூனில், சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்துக்கு ஞானம் பிறந்து, சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாகப் பதினேழாக்கியது.

பாஸ்டனில் சாகாமோட்டோ தோற்றாரே என்பீர்கள். தோற்கடித்தது பொடிசு அல்ல, அலிசா லியூ. பதின்மூன்று வயதில் அமெரிக்க சாம்பியன், பதினாறில் போதும் என்று ஓய்வு, இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து பத்தொன்பதில் உலக சாம்பியன். சின்ன வயதில் போட்ட குவாட்டை மூட்டை கட்டிவிட்டுத்தான் ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவரோ உங்கள் கிழவி!

ஆண்கள் பிரிவில் இந்தப் பேச்சே எழாது. முப்பதைத் தொட்ட ஜேசன் பிரவுன் ஆடினால் கலைஞன் கனிந்துவிட்டான் என்று உருகுவார்கள். பெண் இருபதைத் தாண்டினால் வர்ணனையாளர் முதலில் வயதைத்தான் சொல்வார், அப்புறம் உடையின் ஜிகினாவை. 2004 முதல் பெண்கள் கால்சட்டை அணிந்தும் ஆடலாம். அப்படி ஒருத்தி வந்தால் அதைப் பற்றியே அரை நிமிடம் பேசுவார், தாவலைக் கவனிக்க மாட்டார். இதில் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் பெஞ்சில் கேமராவை மூக்கருகே வைத்து, கண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது வேறு. சாகாமோட்டோ அங்கே உட்கார்ந்தால் பெரும்பாலும் வாய்விட்டுச் சிரிப்பார். அது இவர்களுக்குப் பிடிக்காது போலிருக்கிறது.