மலைக்காத்து சுத்தம்னு யார் சொன்னது?

கொழும்பிலிருந்து வர்ற நண்பர்கள் டயகமவில் இறங்கியதுமே, "என்ன சுத்தமான காத்து!" என்பார்கள். நாங்களும் பெருமையாகத் தலையாட்டுவோம். ஆனா மார்கழிப் பனியில், விடியக்காலை ஐந்து மணிக்கு, லயத்துக் காம்பராவுக்குள் வந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

2022 டிசம்பர் 9ஆம் திகதி ஞாபகமிருக்கா? காற்று மாசையும் மோசமான காலநிலையையும் காரணம் காட்டிப் பாடசாலைகளை மூடினாங்க. மாண்டஸ் புயல் நேரம், இந்தியப் பக்கத்து மாசையும் காற்று இங்கே கொண்டுவந்தது. அன்றைக்குத்தான் நம்மில் பலர் முதன்முதலா காற்றுத் தரச் சுட்டெண்ணையே போனில் தேடினோம்.

காற்றுக்கும் பருவம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலைத் தாண்டி வரும், மழையும் கழுவிவிடும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து, பெருநிலத்தின் புகைமூட்டத்தோடு வரும். அதோட, குளிர்ந்த காலையில் கனத்த காற்று பள்ளத்திலேயே தேங்கிவிட, நம்ம அடுப்புப் புகையும் மேலே போக முடியாமல் அங்கேயே நிற்கும்.

துகளின் அளவும் மாறும். ரோட்டுத் தூசி பெரியது. மூக்கிலேயே பெரும்பாலும் தங்கிவிடும், மழையிலும் சுலபமா இறங்கிவிடும். விறகுப் புகையில் இருப்பது பெரும்பாலும் 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறியது. தலைமுடித் தடிப்பில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு. அது நுரையீரலின் அடிவரை போகும். இந்தத் துகள் 24 மணிநேரச் சராசரியில் ஒரு கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையின் 2008ஆம் ஆண்டு வரம்போ 50.

இந்த வரம்பும் வெளிக்காத்துக்குத்தான். குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அம்மா ஊதுகிற அடுப்பை எந்த நிலையமும் அளப்பதில்லை. "கேஸுக்கு மாறுங்க" என்று சொல்வது லேசு. கொழுந்து பறிக்கிற சம்பளத்தில் சிலிண்டர் வாங்கிப் பார்த்தவங்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

அதனால நாங்க கேட்பது இரண்டே இரண்டு. தோட்டத்தில் கட்டுகிற ஒவ்வொரு புது வீட்டுக்கும், பழைய லயத்துக்கும், ஒழுங்கான புகைபோக்கி வேணும். மழைக்காலம், பனிக்காலம் இரண்டிலும் லயத்துக்கு உள்ளேயும் வெளியேயும் காற்றை அளக்கணும்.

ஏ.எல். விஞ்ஞானம் படிக்கிற தம்பி, தங்கச்சிமாரே, சின்ன சென்சர் ஒன்றை வைத்து இதை நீங்களே தொடங்கலாம். முதலில் உங்க குசினியிலேயே வையுங்க.