அறுவடை அமோகம், நாற்றங்கால் காய்கிறது

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவுக்கு 2026 ஓய்வாண்டு. விழா நடக்கிற இடம் ஒரு பால் பண்ணை. ஐந்து நாள் இரண்டு லட்சம் பேர் மிதித்துத் துவைத்த புல் மறுபடி தழைக்க வேண்டும், மாடுகள் நிம்மதியாக மேய வேண்டும் என்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை விழாவை நிறுத்தி வைப்பது அங்கே வழக்கம். 2018லும் இப்படித்தான் நிறுத்தினார்கள். நல்ல வழக்கம்தான். புல்லின் வேர் சாகக் கூடாது என்று கவலைப்படுகிற அந்த நாட்டில், அந்த மேடைகளில் ஏறுகிற இசைக் கோஷ்டிகளின் வேரைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? அதைத்தான் இன்று பார்க்க வேண்டியிருக்கிறது.

விழாவைப் பற்றித் தெரியாத தோழர்களுக்காக முதலில் சில விவரம். சோமர்செட் பகுதியில் பில்டன் என்றொரு கிராமம். அங்கே வொர்த்தி பண்ணை. ஜூன் மாதக் கடைசியில் அந்தப் பண்ணை ஒரு நகரமாகிவிடுகிறது. பாடுகிறவர், வேலை செய்கிறவர், வேடிக்கை பார்க்க வந்தவர் எல்லாரும் சேர்த்து இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் பேருக்கு அனுமதி. நூறு மேடைக்கு மேல். எல்லாரும் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். கோஷ்டி என்றால் பெரும்பாலும் நாலைந்து பேர். கிடார் இரண்டு, டிரம் ஒன்று, பாடுகிறவர் ஒருவர். பாட்டு அவர்களே கட்டியது. பீட்டில்ஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும், அந்த வகை.

ஒரு மனிதன் இதில் எத்தனை கோஷ்டியைப் பார்த்துவிட முடியும்? வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பகலில் தொடங்கி நள்ளிரவு வரை பெரிய மேடைகள் ஓயாது. ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போக அரைமணி ஆகும். மழை வந்துவிட்டால், 1997லும் 2005லும் 2016லும் வந்ததுபோல் வந்துவிட்டால், முழங்கால் சேற்றில் நீந்த வேண்டியதுதான். இருந்தும் மனம் வைத்து நடக்கிறவன் நாளைக்குப் பத்து வீதம் மூன்று நாளில் முப்பது கோஷ்டிகளைப் பார்த்துவிடுவான். பேர்பெற்ற கோஷ்டியைத் தேடிப் போகிறவன், வழியில் ஒரு சின்னக் கூடாரத்திலிருந்து வருகிற சத்தம் காலைப் பிடித்து இழுக்க, பேர் தெரியாத நாலு பிள்ளைகளின் பாட்டில் சிக்கி அங்கேயே நின்றுவிடுவான். பெரிய மேடையில் என்ன நடந்தது என்று மறுநாள்தான் அவனுக்குத் தெரியும். இந்த விழாவின் உண்மையான ருசி இதுதான். வேறெந்தக் கச்சேரியிலும் இது கிடைக்காது.

சரி, என்ன விலை?

2025ஆம் ஆண்டு டிக்கெட் விலை கட்டணம் உள்பட 378 பவுன் 50 பென்ஸ். முப்பது கோஷ்டி பார்த்தால் தலைக்குப் பன்னிரண்டரைப் பவுன் சொச்சம். ஸ்டேடியத்தில் ஒரே ஒரு நட்சத்திரப் பாடகரைப் பார்க்கவே நூறு பவுனுக்கு மேல் அழ வேண்டிய காலத்தில் இது மலிவு என்று விழாவின் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் கோஷ்டிக்குப் பன்னிரண்டரை என்று சில்லறையாக யாரும் அங்கே டிக்கெட் விற்பதில்லையே! மொத்தத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். 2025ல் பிரிட்டனில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுன் 21 பென்ஸ். வகுத்துப் பாருங்கள்: முப்பத்தொரு மணிநேர உழைப்பு. எட்டு மணி வேலையென்றால் ஏறத்தாழ நாலு நாள் கூலி டிக்கெட்டுக்கே போகிறது. ரயில் சத்தம், சாப்பாடு, விடுப்பால் போகும் சம்பளம் எல்லாம் தனி.

முதல் விழா 1970 செப்டம்பரில் நடந்தது. மைக்கேல் ஈவிஸ் என்ற பால்பண்ணைக்காரர் ஒரு பவுன் டிக்கெட் வைத்தார். டிக்கெட்டோடு பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். அன்றைக்கு ஆலைத் தொழிலாளியின் வாரக் கூலி ஏறத்தாழ 28 பவுன். அதாவது இரண்டு மணிநேர உழைப்புக்கும் குறைவு. அன்றைய விழா சிறியது, கோஷ்டிகளும் கொஞ்சம், அதை இன்றையதோடு அப்படியே ஒப்பிட முடியாதென்பது நியாயமே. ஒப்பிட வேண்டாம். அன்று தொழிலாளி சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தான், இன்று தவணையில் கட்டுகிறான் என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். ஆம், தவணைதான்: 75 பவுன் முன்பணம், மீதி அடுத்த வசந்தத்தில். அப்படியும் 2025 விழாவின் டிக்கெட் முக்கால் மணிக்குள் தீர்ந்துவிட்டது.

பணமில்லாதவன் அந்தக் காலத்தில் வேலி ஏறிக் குதித்தான். 2000ஆம் ஆண்டு ஒரு லட்சம் பேருக்கு அனுமதி வாங்கிய மைதானத்தில் இரண்டரை லட்சம் பேர் இருந்ததாக மதிப்பிட்டார்கள். நெரிசலில் உயிர்ப்பலி வருமென்று அதிகாரிகள் பயந்தார்கள். அது வீண் பயமல்ல. அதே ஆண்டு டென்மார்க்கில் ராஸ்கில்டே விழாவில் மேடை முன் நெரிசலில் ஒன்பது பேர் மாண்டார்கள். 2001ல் விழா நிறுத்தப்பட்டது. 2002ல் இரும்புக் கோட்டைபோல் புது வேலி வந்தது. 2007 முதல் டிக்கெட்டில் வாங்கியவரின் படம் அச்சாகிறது, கைமாற்ற முடியாது. கள்ள மார்க்கெட்காரன் வாயில் மண். இதற்காக விழாக்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

பாராட்ட இன்னும் உண்டு. 1980களில் அணுகுண்டு ஒழிப்பு இயக்கத்துக்கு இந்த மைதானம் நிதி திரட்டித் தந்தது. ஈவிஸ் 1997ல் தொழிற்கட்சி வேட்பாளராகத் தேர்தலில் நின்றவர். (2024ல் அவருக்கு 'சர்' பட்டமும் வந்துவிட்டது, அந்த நாட்டில் இது ஒரு தீராத வியாதி.) மைதானத்துக்குள் தொழிற்சங்கங்களின் சார்பில் 'இடது களம்' என்றொரு மேடையே உண்டு. லண்டன் பாட்டர்ஸி வட்டாரத் தொழிற்சங்கக் கவுன்சில் தோற்றுவித்த 'தொழிலாளர் பீர் கம்பெனி' விழாக்களில் கடை நடத்துகிறது; கடையில் நிற்கும் தொண்டர்களின் கூலி அவரவர் சங்கக் கிளைக்குப் போகிறது. பீர் விற்றுச் சங்கம் வளர்ப்பதா என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். அது வேறு விவாதம். கையில் காசில்லாத இளைஞன் ஆக்ஸ்பாம் சங்கத்தில் பேர் கொடுத்து மூன்று முறை காவல் வேலை பார்த்தால் டிக்கெட் இல்லாமலே உள்ளே வந்து பாட்டுக் கேட்கவும் வழி இருக்கிறது.

ஆகவே கோளாறு அந்தப் பண்ணையில் இல்லை. பண்ணைக்கு வெளியே இருக்கிறது.

மேடையில் நிற்கும் கோஷ்டி வானத்திலிருந்து குதித்ததா? பீட்டில்ஸ் லிவர்பூல் துறைமுக நகரத்தில், கேவர்ன் என்ற நிலவறையில் 1961 முதல் 1963 வரை முன்னூறு தடவைக்கு அருகில் வாசித்துத்தான் பீட்டில்ஸ் ஆனது. அந்தக் கோஷ்டியின் பால் மெக்கார்ட்னி எண்பது வயதில், 2022ல், கிளாஸ்டன்பரியின் பெரிய மேடையில் பாடினார். பல்ப் என்ற கோஷ்டியைப் பாருங்கள். உருக்காலை நகரமான ஷெபீல்டில் 1978ல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆரம்பித்தது. பதினேழு ஆண்டு சின்னச் சின்னக் கூடங்களில் வாசித்தார்கள். 1995ல் வர வேண்டிய கோஷ்டியின் கிடார்காரர் தோள் எலும்பை முறித்துக்கொண்டதால் கடைசி நேரத்தில் இவர்களைக் கூப்பிட்டார்கள். ஒரே இரவில் நாடு முழுவதும் பேர். 2025 ஜூனில், முப்பது ஆண்டு கழித்து, நிகழ்ச்சி நிரலில் மாற்றுப் பெயரில் மறைந்து வந்து அதே மேடையில் மறுபடி பாடினார்கள். மைதானமே எழுந்து ஆடியது.

ஒரே இரவு என்கிறார்கள். அந்த இரவுக்கு முன்னால் இருந்த பதினேழு ஆண்டு எங்கே நடந்தது? இருநூறு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற கூடங்களில் நடந்தது. அவைதான் நாற்றங்கால். பெரிய மைதானம் அறுவடைக் களம்.

அந்த நாற்றங்கால்தான் காய்கிறது. 2014ல் தொடங்கிய இசைக்கூட அறக்கட்டளை என்ற அமைப்பு இந்தச் சின்னக் கூடங்களின் கணக்கை வைத்திருக்கிறது. 2023 ஒரே ஆண்டில் 125 கூடங்களில் கச்சேரி நின்றுபோனதாக அது அறிவித்தது. மறு ஆண்டு அறிக்கையில், மிஞ்சிய கூடங்களின் சராசரி லாபம் நூற்றுக்கு அரை. இருநூறு பவுன் வியாபாரம் செய்தால் ஒரு பவுன் மிச்சம்! பெட்டிக்கடைக்காரர் கூட இந்த லாபத்துக்குக் கடை திறக்கமாட்டார். வாடகை ஏறியது, மின்சாரக் கட்டணம் ஏறியது, ஜனங்கள் கையில் காசு வற்றியது. கட்டடத்துக்குச் சொந்தக்காரனுக்குக் கச்சேரியைவிட அடுக்குமாடி வீடு லாபம்.

வொர்த்தி பண்ணையிலிருந்து அதிக தூரமில்லை பாத் நகரம். அங்கே மோல்ஸ் என்ற கூடம் 1978ல் திறந்தது. ரேடியோஹெட், ஒயாஸிஸ் போன்ற கோஷ்டிகள் பேரெடுக்கும் முன் வாசித்த இடம். ரேடியோஹெட் 1997ல் கிளாஸ்டன்பரிச் சேற்றில் பாடியதை இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். மோல்ஸ் கூடம் 2023 டிசம்பரில் கடன் தாங்காமல் மூடப்பட்டது. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2024 ஆகஸ்டு கடைசியில், பிரிந்து கிடந்த ஒயாஸிஸ் மறுபடி சேர்ந்து ஸ்டேடியங்களில் பாடப்போவதாக டிக்கெட் விற்பனை தொடங்கியது. மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தவர்கள் முன்னால் வந்தபோது, 150 பவுன் சுமாருக்கு அறிவித்த நிற்கும் டிக்கெட் 355 பவுனாகக் காட்சி தந்தது. விற்றது டிக்கெட்மாஸ்டர். 2010ல் லைவ் நேஷன் என்ற கச்சேரிக் கம்பெனியோடு இணைந்தது அது. கலைஞரை நடத்துவதும் அதுவே, மேடை பிடிப்பதும் அதுவே, டிக்கெட் விற்பதும் அதுவே. ஏகபோகத்துக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே சர்க்கார் இந்தக் கம்பெனி மேல் 2024 மே மாதம் ஏகபோக வழக்குப் போட்டதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அதே கோஷ்டி, அதே பாட்டு. அவர்களை நாற்றாக வளர்த்த கூடத்துக்குப் பூட்டு. விளைந்த பிறகு வந்தவனுக்கு வரிசையில் நின்றவனின் இரண்டு மடங்குப் பணம்.

இதில் முதல் அடி உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்குத்தான். 1980களில் வேலையில்லாத ஒருவன் சொந்தத் தொழில் தொடங்கினால் சர்க்கார் வாரம் 40 பவுன் ஓராண்டு கொடுத்தது. வேலையில்லாதோர் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட தாட்சர் சர்க்கார் செய்த வித்தை அது. ஆனாலும் அந்த நாற்பது பவுனை வைத்துப் பல இளைஞர்கள் கிடாரைப் பிடித்தார்கள். வேலையில்லாக் காலப் படி வாங்கிக்கொண்டே ஒத்திகை பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஈழத்திலிருந்து அகதியாகப் போய், லண்டன் மிட்சம் பகுதியில் நகராட்சிக் குடியிருப்பில் வளர்ந்த நம் தமிழ்ப் பெண் மாதங்கி அருள்பிரகாசம் பாடகியானார், எம்.ஐ.ஏ. என்ற பேரில் 2014ல் கிளாஸ்டன்பரி மேடையிலும் ஏறினார். இன்றைக்கு அந்த மாதிரிப் பிள்ளை எங்கே போய்ப் பழகும்? வேன் வாடகைக்கும் பெட்ரோலுக்கும் அப்பனிடம் பணமுள்ள வீட்டுப் பிள்ளைதான் ஊர் ஊராகப் போய் நஷ்டத்துக்கு வாசிக்க முடியும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிறகு, கடல் தாண்டி வாசிக்கப் போகிற சின்னக் கோஷ்டிக்கு அனுமதிச் சீட்டு, வாத்தியங்களுக்குச் சுங்கக் கடிதம் என்று புதுச் செலவும் சேர்ந்துகொண்டது.

வாசிப்பதும் வேலைதான், அதற்குக் கூலி வேண்டும் என்று பிரிட்டிஷ் இசைத் தொழிலாளர்கள் சொல்வது புதிதல்ல. 1893லேயே மான்செஸ்டரில் ஜோ வில்லியம்ஸ் என்ற கிளாரினெட் கலைஞர் சங்கம் கட்டினார். இன்றைய இசைத் தொழிலாளர் சங்கம் அதன் வழியில் வந்ததே.

பரிகாரம் என்ன? 2024 மே மாதம் பார்லிமெண்டின் கலாசாரக் கமிட்டி ஒரு வழி சொன்னது. பெரிய அரங்குகளிலும் ஸ்டேடியங்களிலும் விற்கிற டிக்கெட்டில் ஒரு சிறு பங்கைப் பிடித்து, சின்னக் கூடங்களுக்கும் புதுக் கோஷ்டிகளுக்கும் தர வேண்டும் என்றது. டிக்கெட்டுக்கு ஒரு பவுன் என்பது பேச்சு. 355 பவுன் டிக்கெட்டில் ஒரு பவுன்! அதே ஆண்டு நவம்பரில் சர்க்கார் பதில் சொன்னது. யோசனை நல்லது, கம்பெனிகள் தாமாக முன்வந்து தரட்டும், பார்ப்போம் என்றது. தொழிற்கட்சி சர்க்கார்தான் இப்படிச் சொன்னது.

தாமாகத் தந்தவர்கள் உண்டு. தொழிலாளர் ஊரான வடக்கு ஷீல்ட்ஸில் பிறந்த பாடகர் சாம் பெண்டர் 2024 டிசம்பர்க் கச்சேரிகளில் டிக்கெட்டுக்கு ஒரு பவுன் தந்தார். கோல்ட்பிளே கோஷ்டி 2025ல் இங்கிலாந்தில் நடத்திய ஸ்டேடியக் கச்சேரிகளின் வருமானத்தில் நூற்றுக்குப் பத்து தந்தது. தந்தவர்கள் பாடுகிறவர்கள், பாட்டுக்காரர் பணம். கணிப்பொறியில் நொடிக்கொரு விலை ஏற்றத் தெரிந்த டிக்கெட் கம்பெனிக்கு, அதே டிக்கெட்டில் ஒரு பவுனைப் பிரித்து வைப்பது பெரிய வித்தையா என்ன?

இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டினால் பிரான்சு. அங்கே இத்தகைய கச்சேரி டிக்கெட்டில் நூற்றுக்கு மூன்றரை சட்டப்படி பிடித்தம்; அது தேசிய இசை நிலையத்துக்குப் போய் மறுபடி இசைத் தொழிலுக்கே திரும்புகிறது. யாரையும் கெஞ்சவில்லை, யாருடைய தர்ம சிந்தனைக்கும் காத்திருக்கவில்லை. டிக்கெட் விற்கிற இடத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.