பணத்தைத் தாங்குவோர், ஆளைத் தாங்குவாரா?

மத்திய கிழக்குப் பணமே நாட்டைத் தாங்குகிறது என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். 2022இல் டொலர் வற்றியபோதும் வெளிநாட்டில் உழைப்பவரிடமே கையேந்தினார்கள். இவர்களின் முதுமையை யார் தாங்குவது?

பசறையில் கொழுந்து பறிப்பவருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. இருபது வருடம் ரியாத் அடுப்படியில் வெந்தவருக்கு அது இல்லை; அங்கே குடியுரிமையும் எட்டாது. விசா முடிந்தால் ஊர்தான்.

விரும்பித்தானே போனார்கள் என்பார்கள். தோட்டத்துப் பாட்டன்மாரையும் இப்படித்தான் சொன்னார்கள். உழைப்பை வைத்துக்கொண்டு 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள்.

தாய் அரபு நாட்டிலிருக்க, பாட்டியின் கைபிடித்துப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். அவர்களுக்காகக் கேட்கிறேன்: ஆளனுப்பும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் எஜமானின் சேமலாபப் பங்கைக் கட்டாயமாக்குங்கள். பட்டமும் பாராட்டும் பிறகு பார்க்கலாம்.